வண்டலூருக்கு அழைத்துச் செல்கிறோம். பிள்ளைகள் எதைக் கற்றுத் திரும்புகிறார்கள்?

செங்கை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டுக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் தமிழும் கற்பிக்கிறேன். வரும் டிசம்பரில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். பெற்றோரில் பத்துப் பன்னிரண்டு பேரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இது எங்களுக்கு மூன்றாவது முறை. முதல் முறை, எதையும் விசாரிக்காமல் நான் செவ்வாய்க்கிழமைக்குப் பேருந்து பேசிவிட்டேன். பூங்காவுக்கு வார விடுமுறை அன்றுதான் என்பதை நுழைவாயிலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் தலைமை ஆசிரியர் அந்தக் கதையை இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது முறை உள்ளே போனோம், மூன்று மணி நேரத்தில் அத்தனை விலங்குகளையும் பார்த்து முடித்துவிட்டு மகிழ்ச்சியாகத் திரும்பினோம். மறுநாள் வகுப்பில், பார்த்ததை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொன்னபோது பெரும்பாலானோர் எழுதியது பேட்டரி வண்டி, ஐஸ்கிரீம், ஒரு மாணவன் கையிலிருந்த தின்பண்டப் பொட்டலத்தைப் பறித்துப் போன குரங்கு ஆகிய மூன்றைத்தான். அந்தக் குரங்குகூடப் பூங்காவில் வளர்க்கப்படும் குரங்கு அன்று. சுற்றியுள்ள காட்டிலிருந்து மதில் தாண்டி வந்து திரியும் நாட்டுக் குரங்கு.

இந்த முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன். பூங்கா நடத்தும் கல்வி நிகழ்ச்சிகள் உண்மையிலேயே பயனுள்ளவையா? உடன் வரும் பெற்றோருக்கு என்ன வேலை கொடுக்கலாம்? சென்று வந்த அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓட்டேரிக்கரை எழுதியது:

வணக்கம் அம்மா. கல்லூரிக் காலத்தில் அங்கே சில மாதங்கள் தன்னார்வலராக இருந்திருக்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது பயணம் தோற்றதற்குக் காரணம் பிள்ளைகள் அல்லர், பூங்காவின் பரப்பு. அது 602 எக்டேர். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒட்டி எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் கூடம் பின்னர் மாநகராட்சியின் பொறுப்பில் சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இருந்தது. 1985இல்தான் அது வண்டலூரில் திறக்கப்பட்டது. இட நெருக்கடியே இந்த மாற்றத்துக்கு முதன்மையான காரணம் என்பதால், புதிய இடத்தில் விலங்குகளுக்கு இடையே வேண்டிய அளவு வெளி விட்டுத் திட்டமிட்டார்கள். விலங்குகளுக்கு நல்லதாகிய அந்த ஏற்பாடு நடந்து பார்க்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கால்வலியாகிவிடுகிறது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால், நீங்கள் நடத்துவது நடைப்பயணமே தவிர வகுப்பு அன்று.

ஆகவே நான்கே இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். என் தேர்வு இது: சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), கரடி, யானை, ஓட்டேரி ஏரி. ஒவ்வொன்றிலும் குறைந்தது அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் கொடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் கைதட்டாமல் கையை மட்டும் உயர்த்துங்கள். அந்தக் கணத்தில் விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதை அவர்கள் ஒரே சொல்லில் எழுத வேண்டும்: நடக்கிறது, படுத்திருக்கிறது, தின்கிறது, சொறிகிறது, மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. முப்பது நிமிடத்தில் பதினைந்து குறிப்புகள் சேரும். காட்டில் குரங்குகளை ஆராய்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதுவேதான். முதல் பத்து நிமிடம் சலிப்படைவார்கள். அதன் பிறகு அவர்களைக் கிளப்புவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

பூங்காவின் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, பள்ளிகளுக்கென்றே ‘ஜூ ஸ்கூல்’ என்ற பெயரில் வகுப்புகள் உண்டு. கோடை விடுமுறையில் முகாம் நடத்துகிறார்கள், அதில் பங்கேற்கும் பிள்ளைகளைப் பூங்காத் தூதுவர்களாக அறிவிக்கிறார்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரத்தில் போட்டிகள் நடக்கும். பள்ளி முகவரித் தாளில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவதற்கும், வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. கடிதத்தில் பிள்ளைகளின் வயதையும் நீங்கள் தேர்ந்த விலங்குகளையும் குறிப்பிடுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

இந்த இழையின் அடிப்படையையே நான் கேள்வி கேட்க விரும்புகிறேன். ஆசிரியை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடைபட்ட புலியைப் பார்க்கும் பிள்ளை புலியைப் பற்றி எதைக் கற்கிறது? வேட்டையாடாத, எல்லை வகுக்காத, இருபது அடி தூரத்தில் மனிதர்கள் கத்தினாலும் கண் திறக்காத ஒன்றைப் புலி என்று கற்கிறது. அதோடு, விலங்கு என்பது நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பதற்காக இருக்கிறது என்ற பாடத்தையும் யாரும் கற்பிக்காமலேயே கற்றுக்கொள்கிறது. கூண்டின் முன் எத்தனை தாள்களில் எழுதினாலும் அந்தப் பாடம் அழியாது.

உங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. 1798இல் ஊர் மக்கள் மாவட்ட ஆட்சியரிடம் கேட்டு வாங்கிய உறுதிமொழியால் காக்கப்பட்டு வரும் ஏரி அது. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை உழவர்கள் அறிந்திருந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு நிலைத்தது. டிசம்பரில் அங்கே நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் தாமாக வந்து அமர்ந்திருக்கும். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

ஓட்டேரிக்கரை எழுதியது:

வேடந்தாங்கலை மறுக்கவில்லை. நான் சொன்ன நான்கு இடங்களில் ஓட்டேரி ஏரியைச் சேர்த்ததும் அதனால்தான். அங்கே வரும் நீர்ப்பறவைகளை யாரும் அடைத்து வைக்கவில்லை. ஒரே வளாகத்தில் அடைபட்ட உயிரையும் அடைபடாத உயிரையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பிள்ளைகளை உங்கள் கேள்விக்கே இட்டுச் செல்லும்.

ஆனால் அடைபட்ட விலங்குகள் எல்லாமே பார்வையாளர்களுக்காகப் பிடித்து வரப்பட்டவை என்ற எண்ணம் சரியன்று. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று 1998இல் நடுவண் அரசு ஆணையிட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களையும் புலிகளையும் காட்டில் விட முடியாது. அவற்றுக்கென்றே வண்டலூரில் மீட்பு மையம் அமைந்தது. பார்வையாளர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. ஆயினும் அந்தக் கதையைப் பூங்காவுக்குள் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம் அல்லவா? யாரும் பார்க்காத சிங்கத்துக்கும் நாள்தோறும் இறைச்சி போட வேண்டும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

இன்னொன்று. சில விலங்குகள் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக ஓயாமல் நடப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அது மகிழ்ச்சியால் நடப்பது என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அடைபட்ட வாழ்வின் சலிப்பும் அழுத்தமும் அப்படி வெளிப்படும் என்றும், அதைக் குறைப்பதற்காகவே உணவை ஒளித்து வைப்பது, மரக்கட்டைகளை மாற்றி அமைப்பது, கோடையில் கரடிக்குப் பழங்களை உறைய வைத்துக் கொடுப்பது போன்றவற்றைச் செய்கிறார்கள் என்றும் உள்ளபடி சொல்லுங்கள்.

மேசைவிளக்கு எழுதியது:

கல்வி ஆய்வில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். பூங்காவுக்குப் போனால் பிள்ளைகள் கற்கிறார்களா என்பதை ஊகத்தால் பேச வேண்டியதில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் உயிரியல் பூங்காவுக்கு வந்த 7 முதல் 15 வயது வரையிலான மாணவர்கள் 2,839 பேரை எரிக் ஜென்சன் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். தேர்வு வைக்கவில்லை. ஒரு காட்டு விலங்கை அதன் வாழிடத்தோடு, போகும் முன் ஒரு முறையும் வந்த பின் ஒரு முறையும் வரையச் சொன்னார்கள். இரண்டு ஓவியங்களையும் ஒப்பிட்டபோது, பூங்காவின் கல்வியாளர் நடத்திய வகுப்பில் இருந்த பிள்ளைகளில் 41 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம் தெரிந்தது. வழிநடத்துவோர் இல்லாமல் சுற்றி வந்தவர்களில் அது 34 விழுக்காடு.

இந்த எண்களை வைத்துப் பூங்காக்காரர்கள் பெருமை பேசுவார்கள். நான் கவனிப்பது மறுபக்கத்தை. தாமாகச் சுற்றியவர்களில் 16 விழுக்காட்டினரின் இரண்டாவது ஓவியம் முதலாவதை விட மோசமாக இருந்தது. வழிநடத்தப்பட்டவர்களில்கூட அது 11 விழுக்காடு. அதாவது, போய் வந்ததால் சிலர் தவறாகவும் கற்கிறார்கள். கேள்விக்குறி அவர்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. மீதியுள்ள பெரும்பகுதியினரிடம் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே நேரத்தில், ஒரே நாள், ஒரே பூங்கா, ஒரே விலங்குகள் என்று இருக்கும்போது, நடுவே பேசுகிற ஒரு மனிதர் இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஆசிரியை அவர்கள் இந்த ஓவிய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செலவு, ஒரு பிள்ளைக்கு இரண்டு தாள்.

மூர்மார்க்கெட்டார் எழுதியது:

எனக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த பழைய விலங்குக் காட்சிசாலைக்கு என் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு போனவன். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிவிட்டு அப்படியே அங்கே போவோம். சிங்கத்தின் கூண்டு நம் வீட்டுக் கூடத்தை விடச் சிறியது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் கடலை விற்பார்கள், வாங்கிக் குரங்குக்குப் போடுவோம். அன்று அதை யாரும் தவறு என்று நினைக்கவில்லை. சென்ற ஆண்டு என் பேத்தி வண்டலூரில் ஒருவர் மான்களுக்கு பிஸ்கட் எறிவதைப் பார்த்து, “தாத்தா, அவரிடம் போய்ச் சொல்லுங்கள்” என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். எறிந்தவர் என்னை விட இளையவர். நான் சொன்னதும் கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். விலங்குகளுக்கு உணவு போடுவது, சீண்டுவது, கூச்சலிட்டுத் தொல்லை தருவது, குப்பை போடுவது ஆகியவற்றை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது என்று பேத்தி வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினாள். கோடை முகாமில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள் என்பது என் வேண்டுகோள். கீரியும் பாம்பும், உடும்பும், நரியும் உங்கள் பகுதிப் பாட்டிகளுக்குக் கதையல்ல, வரப்பில் பார்த்தவை. கூண்டின் முன் பலகையைப் படித்துக் காட்டுவதற்குப் பதிலாக, “இதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், இப்போது ஏன் காணோம்?” என்று பிள்ளையை விட்டே பாட்டியிடம் கேட்க வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் சுமப்பதற்கென்றே பெரியவர்களை அழைத்துப் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

சாமுண்டி அடிவாரம் எழுதியது:

மைசூரில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆன தமிழர் குடும்பம் எங்களுடையது. 1892இல் தொடங்கிய இங்கேயுள்ள சாமராஜேந்திர உயிரியல் பூங்காவில் ‘யூத் கிளப்’ என்று ஒரு குழு இயங்குகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வரவழைத்து மாதக்கணக்கில் கற்பிக்கிறார்கள். என் மூத்த மகன் அதில் இருந்தான். முதல் சில வாரங்கள் வகுப்பறைப் பேச்சுதான் என்று சலித்துக்கொண்டவன், விலங்குகளின் உணவுக்கூடத்தைப் பார்த்த பிறகு மாறிவிட்டான். எந்த விலங்குக்கு எவ்வளவு எடை, எந்தக் காய், எந்த நேரம் என்று எழுதி வைத்திருப்பதையும், ஊனுண்ணிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் உணவு கொடுக்காமல் இருப்பதையும் அறிந்து வந்து, ஒரு மாதம் எங்கள் வீட்டிலும் அந்த விரதத்தை நடைமுறைப்படுத்தப் பார்த்தான்!

நான் சொல்ல வருவது, ஒரு நாள் பயணத்துக்கும் தொடர்ந்து போவதற்கும் உள்ள வேறுபாட்டை. ஐந்து முறை போகும் பிள்ளைக்கு விலங்கின் பெயர் தெரியும், காப்பாளரின் முகம் தெரியும், சென்ற வாரம் இருந்த ஒன்று இன்று ஏன் தனியே இருக்கிறது என்று கேட்கத் தெரியும்.

பூங்காக் கல்வியைத் தென்னிந்தியாவில் ஓர் இயக்கமாக்கியவர்களில் சாலி வாக்கர் முதன்மையானவர் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். யோகம் கற்க அமெரிக்காவிலிருந்து மைசூருக்கு வந்தவர், இந்தப் பூங்காவின் நண்பர்கள் குழுவைத் தொடங்கினார். பிறகு 1985இல் அவர் நிறுவிய ‘ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்’ கோயம்புத்தூரில் நிலைகொண்டது. முகமூடி, பதாகை, கையில் கட்டும் பட்டை என்று ஒரு சிறு பொட்டலத்தில் பாடத்தையே அடக்கிப் பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் அவர்கள் அனுப்பியதை அந்தக் காலத்து ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவர் 2019இல் மறைந்தார்.

சிராங்கூன்வாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள பூங்கா 1973இல் திறக்கப்பட்டது. பரப்பில் வண்டலூரின் இருபதில் ஒரு பங்கு அளவே. ஆனால் காப்பாளர்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஒவ்வொரு விலங்கின் முன்னும் நின்று பேசுகிறார்கள். குடும்பங்கள் அந்த நேர அட்டவணையை வைத்துக்கொண்டுதான் நாளையே திட்டமிடுகின்றன. சில விலங்குகளுக்குப் பிள்ளைகளே உணவு கொடுக்கவும் பணம் கட்டி ஏற்பாடு செய்துகொள்ளலாம். என் மகள் ஒட்டகச்சிவிங்கிக்கு கேரட் கொடுத்த நாளை இன்னும் பேசுகிறாள். தொட்டால்தானே பாசம் வரும்? வண்டலூரில் இதை ஏன் செய்யக் கூடாது?

ஓட்டேரிக்கரை எழுதியது:

காப்பாளர் பேச்சு வேண்டும் என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. கூண்டுக்கு முன் நின்று பேசத் தகுதியுள்ளவர்களில் முதல்வர் காப்பாளர்தான். பெரும்பாலும் சுற்றுப்புற ஊர்க்காரர்கள். விலங்கின் சாணத்தைப் பார்த்தே அன்றைய உடல்நிலையைச் சொல்வார்கள். அவர்களைப் பேச வைக்க ஒலிபெருக்கி வேண்டாம், மரியாதையாகக் கேட்டால் போதும்.

தொடுவதும் உணவூட்டுவதும் வேறு செய்தி. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. சில நாள்களில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. மனிதரைப் பிடிக்கும் நோய் விலங்கையும் பிடிக்கும் என்பதைப் புரியவைக்க இதை விட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. விடுமுறை நாள்களில் வண்டலூரில் திரளும் கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். பாசம் காட்ட விரும்பும் குடும்பத்துக்கு ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்கும் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. நடிகர் சிவகார்த்திகேயன் 2018இல் அனு என்ற வெள்ளைப் பெண் புலியைத் தத்தெடுத்தபோது அந்தத் திட்டம் பலருக்கும் தெரிய வந்தது.

மேசைவிளக்கு எழுதியது:

வெள்ளைப் புலியைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஓடிப்போய் நிற்கும் இடம் அதுதான். மிகுதியாகத் தவறு கற்கும் இடமும் அதுதான். வெள்ளைப் புலி தனி இனம் அன்று, பனிப் பகுதியில் வாழ்வதும் அன்று. வங்கப் புலியிலேயே மிக அரிதாகத் தோன்றும் நிற மாற்றம். 1951இல் ரீவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழி வந்தவையே இன்று உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவை. அந்த நிறத்தைத் தக்கவைப்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வித்ததால் மாறுகண் முதலிய குறைபாடுகளும் கூடவே வந்தன. காடுகளில் புலியைக் காப்பதற்கு அதனால் பயன் இல்லை. ஆறாம் வகுப்புக்கு மரபியல் பாடம் தொடங்க இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். ஆனால் யாராவது நின்று சொன்னால்தான்.

கேள்விக்குறி எழுதியது:

அப்படியானால் என் கேள்வி இன்னும் வலுவாகிறது. காப்புக்குப் பயன்படாத ஒன்றைக் கூட்டம் சேர்ப்பதற்காக வளர்த்துவிட்டு, அதன் முன் நின்று காப்பைப் பற்றிப் பேசுவது முரண் இல்லையா?

மேசைவிளக்கு எழுதியது:

முரண்தான். அதைப் பிள்ளைகளிடமே சொல்லலாம் என்பதுதான் என் நிலைப்பாடு.

செங்கை ஆசிரியை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கேள்விக்குறி அவர்களின் மறுப்பை ஆசிரியர் கூட்டத்திலும் படித்துக் காட்டினேன். ஒருவர் ஆமோதித்தார், ஒருவர் கோபப்பட்டார், தலைமை ஆசிரியர் செவ்வாய்க்கிழமையை மட்டும் நினைவூட்டினார். பூங்காவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வெள்ளைப் புலியைத் தவிர்க்க முடியாது என்று தோன்றுவதால் ஐந்தாவது இடமாகச் சேர்த்திருக்கிறேன்.

தமிழ் வகுப்பிலும் ஒரு தயாரிப்பு செய்கிறேன். விலங்குகளின் இளமைப் பெயர்களைத் தொல்காப்பியத்தின் மரபியல் ஒன்பதாக வகுக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எல்லாவற்றையும் ‘குட்டி’ என்றே சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருந்தது. அந்தந்தக் கூண்டின் முன் எந்தப் பெயர் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது அவர்களின் வேலை.

செங்கை ஆசிரியை எழுதியது:

சென்று வந்துவிட்டோம். உறுதியளித்தபடி எழுதுகிறேன், எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது.

பேருந்து தாமதமானதால் காலையின் நல்ல நேரம் ஒரு மணி அளவுக்குப் போய்விட்டது. கரடி ஒரு பாறையின் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து குறிப்புகளிலும் ‘தூங்குகிறது’ என்றே எழுத வேண்டியிருந்ததால் ஆறாம் வகுப்புப் பையன்கள் கலகம் செய்யாத குறை. உடன் வந்த பெற்றோரில் இருவர் கடைசி வரை கைப்பேசியிலேயே இருந்தார்கள்.

சோலைமந்தியின் முன் நடந்தது வேறு. அங்கே பணியில் இருந்த காப்பாளரிடம், ஓட்டேரிக்கரை அவர்கள் சொன்னதுபோல், வணக்கம் சொல்லிக் கேட்டேன். முதலில் கூச்சப்பட்டார். “இது மரத்தை விட்டுத் தரைக்கு வராத சாதி அம்மா, காட்டில்” என்று தொடங்கியவர் இருபது நிமிடம் பேசினார். பிறகு நான் வால்பாறையைப் பற்றிச் சொன்னேன். தேயிலைத் தோட்டங்களால் சோலைக்காடு துண்டு துண்டானதையும், மந்திகள் சாலையைக் கடக்கையில் அடிபடாதிருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதையும் விளக்கியபோது, ஒரு சிறுமி குறுக்கிட்டு, “அப்போ அதுவும் இங்கே மாதிரிதானே டீச்சர்? நடுவில் அகழிக்குப் பதிலா ரோடு” என்றாள். நான் விடை சொல்லவில்லை, அவளுடைய பாட்டி “ஆமாம்” என்றார்.

பாட்டிகள் நால்வர் வந்திருந்தார்கள். மூர்மார்க்கெட்டார் ஐயாவுக்குத் தனியே நன்றி. நரியின் முன் ஒரு பாட்டி, தாம் மணமாகி வந்த புதிதில் ஏரிக்கரையில் மாலையானால் நரி ஊளையிடும் என்றும், ஏரியின் ஒரு பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு கேட்டதில்லை என்றும் சொன்னார். அந்த மனைகளில் ஒன்றில்தான் எங்கள் மாணவர்களில் மூவரின் வீடு இருக்கிறது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் தன் வீட்டுக்கு அடியில் நரி வளை இருந்திருக்குமா என்று கேட்டான்.

ஓவியங்களைப் பற்றி. போகும் முன் வரைந்தவற்றில் பலவற்றில் புலியும் ஒட்டகச்சிவிங்கியும் ஒரே மரத்தடியில் நின்றன. வந்த பின் வரைந்தவற்றை நானும் சக ஆசிரியர் ஒருவரும் தனித்தனியே பார்த்து ஒப்பிட்டோம். 42 பேரில் 19 பேரின் ஓவியம் தெளிவாக மேம்பட்டிருக்கிறது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஐந்து பேருடையது மோசமாகிவிட்டது. அவர்களில் இருவர் வெள்ளைப் புலியைப் பனிமலையில் வரைந்திருக்கிறார்கள். நான் அத்தனை விளக்கம் சொன்ன பிறகும்! மேசைவிளக்கு அவர்கள் சிரிப்பார் என்று நினைக்கிறேன். மீதிப் பேரிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

கரடியை வரைந்தவன் ஒருவனே. தாளின் பெரும்பகுதியில் ஒரு பாறையை வரைந்து, அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு காதை மட்டும் வைத்திருக்கிறான். கேட்டதற்கு, “அவ்வளவுதான் டீச்சர் தெரிஞ்சது” என்றான். அவனுடைய ஓவியத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நானும் சக ஆசிரியரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

மேம்பட்ட கணக்கில் சேர்த்துவிடுங்கள் அம்மா. பிப்ரவரிக்குள் வேடந்தாங்கலுக்கு வருவதாக இருந்தால் சொல்லுங்கள். தொலைநோக்கிகள் நான்கு என்னிடம் இருக்கின்றன, நண்பர்களிடம் இன்னும் இரண்டு வாங்கி வருகிறேன். ஓவியத் தாளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அங்கேயும் எத்தனை பேர் தவறாகக் கற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

செங்கை ஆசிரியை எழுதியது:

ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். எந்தக் கிழமை விடுமுறை என்று இந்த முறை அவரே விசாரிப்பதாகச் சொல்லிவிட்டார்.